சிறாருக்குச் சமூக ஊடகத் தடை: சட்டம் யாரைக் கட்டுப்படுத்த வேண்டும்?

2025 டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 16 வயது நிரம்பாத எவரும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விட்ச் ஆகிய பத்துத் தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதித்தாலும் விலக்கு இல்லை. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நாடு முழுவதற்குமான இப்படியொரு தடையை உலகில் முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாதான்.

அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இந்தப் பேச்சு எழுந்தது. ஆபாசப் படங்கள் சிறாருக்கு எளிதில் கிடைப்பது குறித்து 2018இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு அது. நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டம் இயற்றுவதை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 ஏப்ரலில், 13 வயதுக்குட்பட்டோருக்குத் தடை கேட்டு வந்த மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இது கொள்கை முடிவு, சட்டம் இயற்றுவோரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டது. இதற்கிடையில் டென்மார்க் 15 வயது வரம்புக்கு அரசியல் உடன்பாடு கண்டது. மலேசியா 16 என்று அறிவித்தது. பிரான்சும் ஸ்பெயினும் அதே திசையில் நகர்கின்றன.

ஆகவே இந்தியாவிலும் இப்படியொரு சட்டம் வரக்கூடும். வருவதற்கு முன்பே அதன் நல்லதையும் கெட்டதையும் அலசிப் பார்ப்பது நமக்கு நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் கட்டாயம் வேண்டும். அது பிள்ளையின் வயதை மட்டும் பார்த்துக் கதவை மூடுவதாக இருந்தால் போதாது. பிள்ளையைப் பிடித்துவைக்கும் இயந்திரத்தை இயக்குகிற நிறுவனத்தின் கையைக் கட்ட வேண்டும்.

13 என்ற எண்ணின் கதை

இன்று பெரும்பாலான தளங்கள் '13 வயது ஆனவர்கள் மட்டும்' என்று எழுதிவைத்திருக்கின்றன. மருத்துவர்களோ உளவியலாளர்களோ ஆராய்ந்து சொன்ன வயது அல்ல இது. 1998இல் அமெரிக்கா சிறாரின் இணையத் தனியுரிமைக்காக ஒரு சட்டம் இயற்றியது. 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் சொந்த விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் திரட்டக் கூடாது என்பதே அதன் சாரம். அப்போது ஃபேஸ்புக் பிறக்கவில்லை. கையில் ஸ்மார்ட்போன் இல்லை. விளம்பரத்துக்காகப் பெயரையும் முகவரியையும் சேகரிக்கும் இணையதளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம், பின்னர் வந்த சமூக ஊடகங்களுக்கு உலகம் முழுவதும் வயது வரம்பாக நிலைத்துவிட்டது.

அனுமதி வாங்குவது செலவு பிடிக்கும் வேலை என்பதால் நிறுவனங்கள் எளிய வழியைத் தேர்ந்தன. '13க்குக் கீழே யாரும் எங்களிடம் இல்லை' என்று அறிவித்துவிட்டன. பிறந்த ஆண்டைக் கேட்பார்கள். பிள்ளை ஒரு பொய்யான ஆண்டைத் தட்டும். கதவு திறந்துவிடும். பல ஆண்டுகளாக இதுதான் நடைமுறை. ஆக, தடை என்பது புதிதன்று. யாரும் செயல்படுத்தாத தடை நெடுங்காலமாகவே இருக்கிறது. செயல்படுத்தினால் என்ன ஆகும் என்பதே இப்போதைய கேள்வி.

கேடு உண்டா? சான்றுகள் சொல்வது என்ன?

அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024இல் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' என்ற நூல் இந்த விவாதத்துக்குப் பெரும் வேகம் கொடுத்தது. 2010களின் தொடக்கத்திலிருந்து பதின்வயதினரிடையே, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடையே, மனச்சோர்வும் பதற்றமும் ஏறியதற்கு ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமுமே முதன்மைக் காரணம் என்கிறார் அவர். தெற்கு ஆஸ்திரேலிய மாநில முதல்வர் பீட்டர் மாலினாஸ்கஸின் மனைவி அந்நூலைப் படித்துவிட்டுக் கணவரிடம் பேசியதே அங்குச் சட்ட முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஹைட்டின் முடிவை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் அந்நூலை 'நேச்சர்' இதழில் கடுமையாக விமர்சித்தார். இரண்டும் ஒரே காலத்தில் ஏறின என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது, ஏற்கெனவே மனவாட்டத்தில் இருக்கும் பிள்ளை கைபேசியில் அதிகம் மூழ்குவதும் நடக்கிறது என்பது விமர்சகர்களின் வாதம். ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று கண்டார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், மக்கள்தொகை அளவில் சமூக ஊடகமே காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது.

இதைக் கேட்டு, 'அப்படியானால் கவலையே வேண்டாம்' என்று நிம்மதி அடைய முடியாது. சராசரிக்குள் மறைந்துபோகிறவர்கள் உண்டு. அதே ஆர்பன் 2022இல் பிரிட்டிஷ் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் அதிகப் பயன்பாட்டைத் தொடர்ந்து அடுத்த ஆண்டில் வாழ்க்கைத் திருப்தி குறைவதைக் கண்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபேஸ்புக் ஒவ்வொன்றாக அறிமுகமான காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அது வந்த இடங்களில் மாணவர் மனநலம் சரிந்ததைக் காட்டினார்கள். 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதினர் ஏறத்தாழ 2.8 லட்சம் பேரிடம் திரட்டிய தரவை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024இல் ஓர் அறிக்கை தந்தது. சமூக ஊடகத்தைக் கட்டுப்பாடிழந்து பயன்படுத்துவோர் 2018இல் 7 விழுக்காடாக இருந்து 2022இல் 11 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். பெண்பிள்ளைகளில் இது 13 விழுக்காடு.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். 2021இல் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில் ஒன்று, தம் உடலைப் பற்றித் தாழ்வாக உணர்ந்த பதின்வயதுப் பெண்பிள்ளைகளில் 32 விழுக்காட்டினர் இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை மோசமாக்கியதாகச் சொன்னதைப் பதிவுசெய்திருந்தது. லண்டனில் 2017இல் உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரண விசாரணை 2022இல் நடந்தது. கடைசி ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்தோ விரும்பியோ பகிர்ந்தோ இருந்த 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், மனச்சோர்வு பற்றியவை. மனச்சோர்வோடு இணையத்தில் கண்டவற்றின் தீய விளைவும் அந்த மரணத்தில் பங்கு வகித்தது என்று விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். அவள் தேடாமலே அவளைத் தேடி வந்தவையும் உண்டு. யாருக்கு எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் அல்காரிதத்தின் வேலை அது.

ஆக, 'சமூக ஊடகம் கெடுக்கிறதா?' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் தெளிவான விடை கிடைக்காது. கேட்டை வகை பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாததைப் பார்ப்பது ஒன்று. முன்பின் தெரியாதவர் தொடர்புகொண்டு ஏய்ப்பதும் மிரட்டுவதும் இரண்டாவது. முடிவே இல்லாமல் கீழே இழுத்துக்கொண்டே போகும் பக்கம், தானாக ஓடும் அடுத்த வீடியோ, நள்ளிரவு நோட்டிஃபிகேஷன், லைக் எண்ணிக்கை என்று விடாமல் இழுக்கும் வடிவமைப்பு மூன்றாவது. தூக்கமும் விளையாட்டும் படிப்பும் நேரம் இழப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் வயதுத் தடை என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் விவாதம் குழம்புகிறது.

தடை கேட்பவர்களின் வலுவான வாதம்

தடையை ஆதரிப்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களிடம் மறுக்கக் கடினமான ஒரு வாதம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் இன்ஸ்டாகிராமில் இருக்கும்போது, 'உனக்கு வேண்டாம்' என்று ஒரு தாய் மறுத்தால் அவள் பிள்ளை மறுநாள் வகுப்பில் தனித்து நிற்கும். பிறந்தநாள் வாழ்த்து முதல் வகுப்புச் சண்டை வரை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. பிள்ளை தனித்துப்போய்விடுமே என்ற பயத்தில் ஒவ்வொரு தாயும் விட்டுக்கொடுக்கிறாள். எந்தத் தாயும் விரும்பாத முடிவுக்கு எல்லாத் தாய்மாரும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். பள்ளிச் சீருடை எல்லாருக்கும் ஒன்று என்பதால் எந்தப் பிள்ளைக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. அதுபோல எல்லா வீட்டுக்கும் ஒரே விதி இருந்தால் மறுப்பது எளிதாகும். 'நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது' என்று பெற்றோரால் சொல்ல முடியும்.

இது உண்மையான பலன். எந்த மாற்றுத் திட்டமும் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த கூறு இன்னொன்று. அதில் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் தண்டனை இல்லை. கணக்குகளைத் தடுக்கத் தக்க நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சட்டம் வந்து ஒரு மாதத்துக்குள் சுமார் 47 லட்சம் கணக்குகள் நீக்கப்பட்டன அல்லது முடக்கப்பட்டன என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பல ஆண்டுகளாக 'எங்களால் கண்டுபிடிக்க முடியாது' என்று கைவிரித்த நிறுவனங்கள் ஒரே மாதத்தில் இதைச் செய்தன. அபராதம் போதிய அளவு பெரிதாக இருந்தால் முடியாதது முடிகிறது என்பது இதிலிருந்து உலகம் கற்க வேண்டிய பாடம்.

முன்பு தடை போட்டவர்கள் கண்டது

எத்தனை கணக்குகள் நீங்கின என்பது ஒரு கணக்கு. பிள்ளைகளின் வாழ்க்கை எவ்வளவு மாறியது என்பது வேறு கணக்கு. இதற்கு முன் நடந்த சோதனைகள் நம்பிக்கை தருவனவாக இல்லை.

தென்கொரியா 2011 நவம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய விளையாட்டுகளை ஆடக் கூடாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தார்கள். கணினியைக் குறிவைத்த அந்தத் தடைக்குக் கைபேசி விளையாட்டுகள் வெளியே இருந்தன. ஆட்டம் கைபேசிக்கு மாறியது. பத்தாண்டு கழித்து அரசே சட்டத்தைக் கைவிட்டது. 2022 தொடக்கத்தோடு அது முடிவுக்கு வந்தது.

சீனா 2019இல் 18 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டு நேரத்தைக் கட்டுப்படுத்தியது. 2021இல் அதை வாரத்துக்கு மூன்று மணி நேரமாக மேலும் குறைத்தது. அடையாள அட்டையும் முகச் சோதனையும் கட்டாயமாக உள்ள நாடு அது. 2019 விதியின் விளைவை மாபெரும் தரவுத் தொகுப்பைக் கொண்டு ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, அளவுமீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றது. பிரான்ஸ் 2023இலேயே 15 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தோடு அது பொருந்தாததால் நடைமுறைக்கே வரவில்லை.

நம் நாட்டுப் பாடத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2019 ஏப்ரல் 3 அன்று மதுரைக் கிளை டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்தது. ஆப்பிளும் கூகுளும் அதைத் தம் கடைகளிலிருந்து நீக்கின. மூன்று வாரத்தில் தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு பாதுகாப்புக் காரணம் காட்டி டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தது. இன்று வரை அந்தத் தடை நீடிக்கிறது. நம் பிள்ளைகள் குறு வீடியோ பார்ப்பது நின்றுவிட்டதா? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் முதல் சோதனையை இந்தியாவில்தான் தொடங்கியது. ஒரு செயலி போனது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கம் அப்படியே இடம் மாறியது. பெயரைத் தடைசெய்து வடிவமைப்பைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகிலேயே மிகப் பெரிய சான்று நம்மிடம் இருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

ஆஸ்திரேலியச் சட்டத்திலும் இந்த இடைவெளி தெரிகிறது. அது கணக்குத் தொடங்குவதைத் தடுக்கிறது, பார்ப்பதைத் தடுக்கவில்லை. கணக்கில்லாமல் யூடியூபைத் திறந்தால் வீடியோக்கள் ஓடும். பிள்ளையின் கணக்குக்கென்று இருந்த பாதுகாப்பு அமைப்புகள் அப்போது இராது. வாட்ஸ்அப், டிஸ்கார்ட், ரோப்ளாக்ஸ் ஆகியவை தடைக்கு வெளியே உள்ளன. முன்பின் தெரியாதவர் பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கும் கேடு மெசேஜ் தளங்களிலும் விளையாட்டுத் தளங்களிலும் மிகுதி. பெற்றோர் அதிகம் அஞ்சும் அந்தக் கேட்டைத் தடை பெரிதாகத் தொடவில்லை.

வயதை எப்படி அறிவது?

பிள்ளையைத் தடுக்க வேண்டுமானால் எல்லாரையும் சோதிக்க வேண்டும். 15 வயதுப் பிள்ளை யார் என்று தெரிய, 50 வயதுக்காரரும் தம் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன. அடையாள ஆவணம் கேட்பது, செல்ஃபி எடுத்து முகத்தைக் கொண்டு வயதை மதிப்பிடுவது, கணக்கின் நடத்தையைக் கொண்டு ஊகிப்பது. முக மதிப்பீடு சில ஆண்டுகள் முன்பின்னாகவே சொல்லும். 16ஆ, 17ஆ என்ற எல்லைக்கோட்டில்தான் அது மிகவும் தடுமாறும். தடை வந்த நாள்களில் பெற்றோரின் முகத்தைக் காட்டி ஆஸ்திரேலியப் பிள்ளைகள் சோதனையைத் தாண்டிய செய்திகள் வந்தன. பிரிட்டனில் 2025 ஜூலையில் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனை கட்டாயமானபோது இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். செயலிகளின் பதிவிறக்கம் உச்சத்துக்குப் போனது.

திரட்டிய ஆவணங்கள் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கவலை. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனத்துக்குச் சேவை அளித்த மூன்றாம் தரப்பிலிருந்து சுமார் 70,000 பயனர்களின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. வயது தொடர்பான முறையீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட படங்கள் அவை. பிள்ளையைக் காப்பதற்காகக் கேட்ட ஆவணமே பிள்ளைக்கு ஆபத்தாகலாம். ஆஸ்திரேலியச் சட்டம் அரசு அடையாள அட்டையை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்று விதித்திருப்பது இத்தகைய ஆபத்தை முன்னிட்டுத்தான். இந்தியாவில் இது ஆதாரில் போய் நிற்கும் என்ற அச்சம் நியாயமானது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்பதற்கு வழிவிட்ட சட்டப் பிரிவை 2018இல் நீக்கியது. இந்தப் பாதுகாப்பைச் சிறார் நலன் என்ற பெயரில் நாமே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் வரும் சட்டம் வேறு வேலைக்குப் பயன்படும் என்ற அச்சத்துக்கு அண்டை நாடே சான்று. இலங்கையில் 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்ச் செய்தி என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. பேச்சுரிமையை அது நெரிக்கும் என்று இதழாளர்களும் மனித உரிமையாளர்களும் எதிர்த்தார்கள்.

யார் எதை இழக்கிறார்கள்?

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், தகவல் பெறவும் பகிரவும், தனியுரிமையோடு இருக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அது. சுரண்டலிலிருந்து காக்கப்படும் உரிமையும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காப்பதே அரசின் கடமை. வயதுக் கட்டுப்பாடு மட்டுமே பிள்ளைகளைக் காத்துவிடாது என்று யுனிசெஃப் 2025 டிசம்பரில் எச்சரித்தது. ஆஸ்திரேலியாவில் 140க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் சட்டத்துக்கு முன்பே இதையே எழுதினார்கள். ஆனால் செனட் விசாரணைக்குக் கருத்துச் சொல்ல மக்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நாள். அந்த ஒரு நாளில் சுமார் 15,000 மனுக்கள் குவிந்தன. பிள்ளைகளின் வாழ்வைத் தொடும் சட்டத்தை இத்தனை அவசரமாக எழுதியது தவறு.

இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவாக விழாது. நடமாட முடியாத பிள்ளை, ஊரில் தன்னைப் போன்ற ஒருவரையும் காணாத திருநர் பிள்ளை, வீட்டுக்குள் அடி வாங்கும் பிள்ளை ஆகியோருக்கு வெளியுலகத்தோடு இருக்கும் ஒரே இழை சில வேளை இணையம்தான். நம் ஊரில் பெண்பிள்ளையின் நிலை தனியாகப் பேச வேண்டியது. 2024 ஏசர் (ASER) கல்வி நிலை அறிக்கைப்படி ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயதினரில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் ஆண்பிள்ளைகளில் 36 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைபேசி உண்டு. பெண்பிள்ளைகளில் 27 விழுக்காட்டினரிடம் மட்டுமே. 'பெற்றோர் அனுமதி' என்று சட்டம் எழுதினால் அந்த அனுமதி அண்ணனுக்குக் கிடைக்கும், தங்கைக்குக் கிடைக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. படத்தை வைத்து மிரட்டப்படும் சிறுமி யாரிடமாவது சொன்னால்தான் தப்ப முடியும். சட்டம் தடுத்த இடத்துக்குப் போனேன் என்ற குற்ற உணர்வு அவள் வாயை அடைக்கும். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கு 1098 என்று உதவி எண்கள் இருக்கின்றன. அழைக்கும் பிள்ளையிடம் 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேட்கும் சமூகத்தில் அந்த எண்களுக்குப் பயனில்லை.

இந்தியச் சட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

நம்மிடம் சட்டமே இல்லை என்பது சரியன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், 18 வயதுக்குட்பட்ட எவருடைய தரவையும் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அதைக் கொண்டு விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தில் ஒரு பாதி அருமை, மறுபாதி பலவீனம். கண்காணிப்புக்கும் குறிவைத்த விளம்பரத்துக்கும் போட்ட தடை நிறுவனத்தின் வருமானத்தில் கைவைக்கும். அதை விடாமல் காக்க வேண்டும். சம்மதப் பகுதியோ யதார்த்தத்துக்குப் பொருந்தவில்லை. 17 வயதில் கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவியும் 7 வயதுக் குழந்தையும் அதற்கு ஒன்று. விதிகள் தரும் எடுத்துக்காட்டுகள், பிள்ளையோ பெற்றோரோ 'இது பிள்ளையின் கணக்கு' என்று தாமாக முன்வந்து சொல்வதிலிருந்தே தொடங்குகின்றன. பொய் சொல்லும் பிள்ளைக்கு அங்கே பதில் இல்லை.

நம் வீடுகளின் நடைமுறை இன்னும் சிக்கலானது. சிம் அப்பா பெயரில், கைபேசி அம்மாவிடம், மாலையில் அது பிள்ளைகள் கையில். கணக்கு யாருடையது என்று கேட்டால் பெரியவருடையது என்றே பதிவு காட்டும். ஆஸ்திரேலியாவைப் போல ஆளுக்கொரு கைபேசி உள்ள நாட்டுக்கு எழுதிய சட்டத்தை இங்கே அப்படியே இறக்கினால், சொந்தக் கைபேசி உள்ள வசதியான வீட்டுப் பிள்ளையை மட்டும் அது தொடும். பெரியவரின் கணக்கில் பெரியவருக்கான பதிவுகளைப் பார்க்கும் ஏழை வீட்டுப் பிள்ளையை அது காணவே காணாது. கொரோனா காலத்தில் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கைபேசியைப் பிள்ளை கையில் கொடுத்ததே பள்ளிதான் என்பதையும் மறக்கக் கூடாது.

என்ன மாதிரியான சட்டம் வேண்டும்?

வடிவமைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டன் சிறாருக்கேற்ற வடிவமைப்பு விதிகளை 2020இல் கொண்டுவந்து ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடியும் 2021இல் யூடியூப் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தானாக ஓடும் வீடியோவை அணைத்துவைத்தது. டிக்டாக் இளம் பதின்வயதினருக்கு இரவு நோட்டிஃபிகேஷனை நிறுத்தியது. இன்ஸ்டாகிராம் 16 வயதுக்குட்பட்டோரின் புதிய கணக்குகளை இயல்பிலேயே தனிப்பட்டதாக்கியது. இவை சிறிய மாற்றங்கள்தான். ஆனால் எந்தப் பிள்ளையையும் வெளியேற்றாமல் கிடைத்தவை.

இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நம் நாட்டுக்கு ஏற்ற சட்டம் இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

13 வயதுக்குட்பட்டோருக்குக் கணக்கு இல்லை என்று நிறுவனங்கள் தாமே எழுதிவைத்த விதியைச் சட்டம் உண்மையாக்கட்டும். அந்த வயதுப் பிள்ளையைத் தடுக்கும் பொறுப்பு முழுக்க நிறுவனத்தினுடையது. 13 முதல் 16 வரை பிள்ளை நுழையலாம். ஆனால் நிறுவனம் அவர்களுக்கு அல்காரிதம் தேர்ந்து ஊட்டும் பக்கத்தைக் காட்டக் கூடாது. தாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும், முடிவுள்ள பக்கமாகக் காட்டட்டும். தானாக ஓடும் வீடியோ, இரவு நோட்டிஃபிகேஷன், பிறருக்குத் தெரியும் லைக் எண்ணிக்கை, அறிமுகமற்றவரின் மெசேஜ் ஆகிய நான்கும் கூடாது. மெசேஜ் தொடர்பான விதி விளையாட்டுத் தளங்களுக்கும் பொருந்த வேண்டும். எல்லா வீட்டுக்கும் பொதுவான விதி என்ற பலன் இதிலும் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே அடக்கமான இன்ஸ்டாகிராம்தான் என்றால் ஒரு பிள்ளையும் தனித்து நிற்காது.

பகிர்ந்துகொள்ளும் கைபேசியில் ஒரு தட்டில் பிள்ளைக்கான முறைக்கு மாறும் வசதியைக் கைபேசி நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும். வயதுச் சோதனைக்கு ஆதார் எண்ணைக் கேட்கக் கூடாது. சோதித்த தரவை உடனே அழிக்க வேண்டும். பெற்றோர் சம்மதத்துக்கான வயதை 18இலிருந்து 16ஆகக் குறைக்கலாம். கண்காணிப்புக்கும் குறிவைத்த விளம்பரத்துக்கும் உள்ள தடை 18 வரை தொடர வேண்டும். இதையெல்லாம் மேற்பார்க்க அரசின் கைக்குள் அடங்காத ஓர் ஆணையர் தேவை. நிறுவனங்களின் அல்காரிதத்தை ஆராயும் அதிகாரமும், ஆய்வாளர்களுக்குத் தரவு பெற்றுத்தரும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் ஐந்து ஆண்டு கழித்து, 'கேடு உண்டா, சட்டம் பலன் தந்ததா?' என்ற கேள்விக்கு நம் பிள்ளைகளின் தரவிலிருந்தே விடை சொல்ல முடியும்.

சட்டத்தால் தர முடியாத ஒன்றும் உண்டு. மாலையில் விளையாட இடமில்லாத, பள்ளியில் மனநல ஆலோசகர் இல்லாத, வீட்டில் பேசுவதற்கு நேரமுள்ள பெரியவர் இல்லாத பிள்ளையிடமிருந்து கைபேசியைப் பிடுங்கினால் அங்கே வெற்றிடமே மிஞ்சும். ஹைட் தடை கேட்ட அதே நூலில் பிள்ளைகளுக்குச் சுதந்திரமாக விளையாடும் நேரத்தையும் கேட்கிறார். அரசுகள் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டன, ஏனென்றால் மைதானம் கட்டப் பணம் வேண்டும். நம் உள்ளாட்சிகளும் பள்ளிகளும் இந்தச் செலவை ஏற்காமல் நாடாளுமன்றத்திடம் தடை கேட்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயமாகாது.

தரவுப் பாதுகாப்பு விதிகளின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் இருக்கிறது. திருத்தம் கொண்டுவர அதுவே போதிய காலம். அதற்குள் மாவட்டம்தோறும் பள்ளிப் பிள்ளைகளையும், சிறப்பாக அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளையும், முறையாக அழைத்துக் கருத்துக் கேளுங்கள். எந்தச் செயலியில் எது தங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, யார் தங்களைத் தொந்தரவு செய்கிறார்கள், எந்த உதவி தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியும். அவர்கள் சொல்லும் குறைகளை நீக்கும் செலவும் சிரமமும் அந்தக் குறைகளால் லாபம் பார்த்த நிறுவனங்கள் மேல் விழ வேண்டும். இந்த அளவுகோலில் தேறும் சட்டத்தை நான் முழுமனத்தோடு ஆதரிப்பேன்.